டிஸ்மிசல் என்று எழுதித் தாங்க

ஜீவராணிக்கு வேலை போனது ஒரு வியாழக்கிழமை. போய்விட்டது என்று ஒரு தாளில் எழுதி வாங்க அவளுக்கு அதன்பிறகு இருபத்திரண்டு நாள் பிடித்தது. வேலை கேட்டு ஆபீஸ் வாசலில் தவம் கிடந்தவர்களைக் காடைமலைத் தேயிலைத் தோட்டம் நிறையப் பார்த்திருக்கிறது. வேலை போனதற்குக் கடிதம் கேட்டு மல்லுக்கு நின்ற ஒருத்தியை அதுவரை பார்த்ததில்லை. அவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் வாய்விட்டுச் சொன்னார்கள். மீதிப்பேர் மனதுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் வேலாயி செத்ததில் ஆரம்பித்தது. வேலாயி அந்தத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் இருபத்தாறு வருஷம் ஆயாவாக இருந்தவள். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விடியற்காலையில் கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். முப்பது வயதுக்குக் கீழே உள்ள யாராக இருந்தாலும் அவள் ஆட்டிய தொட்டிலில் தூங்கியவர்கள், அவள் கையால் பால் குடித்தவர்கள், அவளிடம் அடி வாங்கியவர்கள். அவளுக்கென்று பிள்ளை இல்லை. புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். கூடப்பிறந்தவர்களும் கிடையாது. அந்த வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவில் படுத்தபடியே கண்ணை மூடிவிட்டாள்.

தோட்டத்தில் சாவு விழுந்தால் அன்றைக்கு அரை நாள்தான் வேலை. பதினோரு மணிக்கு எல்லோரும் மலையை விட்டு இறங்குவார்கள், செக்ரோல் என்கிற சம்பளப் பதிவில் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம் போடுவார்கள். எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத வழக்கம் அது. வெள்ளைக்காரன் காலத்துத் துரைமார்கூட அதில் கை வைத்ததில்லை என்று சொல்வார்கள். எட்டு மாதத்துக்கு முன்பு மேனேஜராக வந்த புதுத் துரை கை வைத்தார். சாவுக்குப் போவதென்றால் இறந்தவரின் தாய், தகப்பன், கணவன், மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவர் என்று இவர்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்று ஆபீஸ் பலகையில் ஒட்டிவிட்டார். வேலாயிக்கு அந்தப் பட்டியலில் ஒருவரும் இல்லை. ஆகவே சட்டப்படி பார்த்தால் அவளை அடக்கம் பண்ண அந்தத் தோட்டத்தில் ஒரு குஞ்சு குருமானுக்கும் உரிமை கிடையாது. பலகையில் ஒட்டியவருக்கு அது தோன்றவே இல்லை.

குழி வெட்டவும் பாடை கட்டவும் பென்ஷன் வாங்கிய ஆம்பிளைகள் இருந்தார்கள். தப்படிக்க ஆள் இருந்தது. ஆனால் ஒரு பொம்பிளையின் உடம்பைக் குளிப்பாட்டிச் சேலை மாற்றிவிட ஆம்பிளை கை வைக்க முடியாது. அதற்குத் திராணி உள்ள பெண்களெல்லாம் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்திரை மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கி வழிகிற நேரம். பதினோரு மணி ஆனது. யாரும் இறங்கவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள், வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்கள், மறுபடி கொழுந்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

ஜீவராணிக்கு வந்தது கோபம்தான். துரை மேல் வந்ததைவிட அந்தக் குனிந்த தலைகள் மேல் வந்த கோபம் அதிகம். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கணக்கப்பிள்ளையிடம் போய், வேலாயியைக் குளிப்பாட்டிவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பி வருவேன், வேண்டுமானால் அரைப்பேரைக்கூட வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கினாள். பக்கத்து வீட்டுத் தனலெட்சுமியும் இன்னும் மூன்று பேரும் பின்னாலேயே வந்தார்கள். ஐந்து பேருமாகச் சேலையை மறைப்புக் கட்டி வேலாயியைக் குளிப்பாட்டினார்கள், நல்ல சேலையாக ஒன்று தேடிக் கட்டினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். பாடை தூக்கிய பிறகு தலைமுழுகிவிட்டு ஈரத் தலையோடு மலைக்கு ஏறினார்கள். மணி இரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

துரை மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். யார் முதலில் இறங்கியது என்று கேட்டார். நான்தான் என்றாள் ஜீவராணி. இனி உனக்கு இந்தத் தோட்டத்தில் வேலை இல்லை, போ என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். மற்ற நான்கு பேரும் பிறகு வந்து பார்க்கட்டும் என்றார். அந்த 'பிறகு வந்து பார்' என்பதற்கு மன்னிப்பு எழுதிக்கொண்டு வா என்று அர்த்தம் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று சாயந்தரமே தலைவர் ரெங்கசாமி லயத்துக்கு வந்தார். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தகராறு என்று ஒன்று வந்தால் அது நடந்து முடிவதற்குள் சமாதானத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுகிற மனிதர். அவரிடம் ஒரு பழைய பைல் உண்டு. அதற்குள் மன்னிப்புக் கடிதங்கள் நகல் எடுத்து வைத்திருப்பார். பெயரும் தேதியும்தான் பாக்கி. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் அதில் கையெழுத்து வைத்துத் துரையிடம் நீட்டினால் மறுநாளே வேலைக்குப் பெயர் கூப்பிடப்படும். எத்தனையோ காலமாக அந்தத் தோட்டத்தில் வேலை போவதும் வேலை கிடைப்பதும் இந்த ஒரே தாளில்தான் நடந்து வந்தது. தனலெட்சுமியும் மற்ற மூன்று பேரும் கையெழுத்து வைத்தார்கள். தனலெட்சுமி வைக்கும்போது அழுதாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஐந்தாவது தாள் ஜீவராணியிடம் வந்தது. அவள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். 'அறியாமல் செய்த பிழையை மன்னித்து' என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"அறியாம செய்யலையே தலைவரே. அறிஞ்சுதானே செஞ்சேன்."

அது சும்மா ஒரு வார்த்தை, எல்லோரும் போடுவதுதான் என்று ரெங்கசாமி சமாளித்தார். சும்மா வார்த்தை என்றால் அதை எடுத்துவிட்டு எழுதுங்கள் என்றாள் அவள். அதை எடுத்தால் பிறகு தாளில் என்ன இருக்கும் என்று அவர் கேட்டார். அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெரட்டு என்பது ஒவ்வொரு நாளும் காலையில் தொழிலாளர் வரிசையில் நின்று, பெயர் கூப்பிடப்பட்டு, எந்த மலைக்குப் போவது என்று கேட்டுக்கொண்டு போகிற இடம். அங்கே பெயர் கூப்பிட்டால்தான் அன்றைக்கு வேலை. மன்னிப்பு எழுதிய நான்கு பேரின் பெயரும் வந்தது. ஜீவராணியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் கணக்கப்பிள்ளை மூச்சுக்கூட விடாமல் தாண்டிப் போனார். கேட்டதற்கு, கூப்பிட வேண்டாமென்று துரை சொல்லியிருக்கிறார் என்றார். எத்தனை நாளைக்கு? இனி இல்லையாம். அப்படியானால் அதை எழுதித் தாருங்கள் என்றாள் ஜீவராணி. வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. லயத்துக் காம்பரா தோட்டத்துச் சொத்து. அந்த வீட்டிலிருந்து செக்ரோலில் இருந்தது அவள் பெயர் ஒன்றுதான். புருஷன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் மூட்டை தூக்குகிறான், தீபாவளிக்குத்தான் வருவான். மகள் விதுஷா பதுளையில் உயர்தர வகுப்புப் படிக்கிறாள், பரீட்சைக்கு இன்னும் ஏழு மாதம். பெயர் வெட்டுப்பட்டால் அடுத்தது காம்பராவைக் காலி பண்ணச் சொல்வார்கள். இதெல்லாம் தெரிந்துதான் ஜீவராணி சனிக்கிழமையும் பெரட்டுக்குப் போனாள். திங்கட்கிழமையும் போனாள். கூடையும் இடுப்பில் கட்டுகிற படங்குமாக, வேலைக்குப் போகிறவள் போலவே போய் வரிசையில் நிற்பாள். பெயர் வராது. கடைசிப் பெயரும் முடிந்ததும் அவளே வாயைத் திறந்து சொல்வாள்.

"ஜீவராணி. வந்திருக்கேன்."

முதல் நாள் கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். மூன்றாம் நாளிலிருந்து அதைக் கேட்காத மாதிரி நோட்டை மூடப் பழகிக்கொண்டார். தனலெட்சுமி அவள் நின்ற பக்கம் திரும்பவே இல்லை. குழாயடியில் சந்தித்தாலும் குடத்தைப் பார்த்துக்கொண்டு போய்விடுவாள். ஜீவராணிக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

பதினோராம் நாள் ஆபீசிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. பெரிய கிளாக்கர் யாகோப்பு ஒரு கடிதத்தை மேசையில் வைத்து, கீழே நகலில் கையெழுத்து வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போ என்றார். யாகோப்பு முப்பது வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர். எந்தத் துரை வந்தாலும் போனாலும் அவர் போகமாட்டார். கடிதம் இங்கிலீஷில் இருந்தது. கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைப் பேனாவின் நுனியால் தொட்டுக் காட்டினார். விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துப் பழகிய ஜனம்தான் நம் ஜனம். ஜீவராணி வைக்கவில்லை. வாசித்துவிட்டு வைக்கிறேன் என்று சொல்லிக் கைபேசியை எடுத்து அந்தத் தாளை இரண்டு தரம் படம் பிடித்தாள். யாகோப்பு தடுப்பதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

பதுளை பஸ் ஸ்டாண்டிலிருந்து நீதிமன்றத்துப் பக்கம் போகிற சந்தில் மர்லியா என்று ஒரு பெண் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்தாள். ஜீவராணியைவிடப் பத்து வயது இளையவள். மனு, விண்ணப்பம், சத்தியக் கடதாசி எல்லாம் அவளே டைப் பண்ணிக் கொடுப்பாள். லோயர்மாரின் கிளாக்கர்களே சந்தேகம் கேட்க அவளிடம் வருவதுண்டு. நல்ல இங்கிலீஷ், அதைவிட நல்ல வாய். அவள் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, கையெழுத்து வைத்தீர்களா என்றுதான். இல்லை என்றதும்தான் உட்காரச் சொன்னாள்.

அந்தத் தாளில் 'வெக்கேஷன் ஒப் போஸ்ட்' என்று எழுதியிருந்தது. அதாவது ஜீவராணி தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டாள், அதன்பிறகு வரவில்லை, ஆகவே பெயரை எடுத்துவிட்டோம் என்று. கேட்டதும் ஜீவராணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் விடாமல் பெரட்டில் போய் நின்றவளை வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பச்சைப் பொய்யை எவ்வளவு சுத்தமாக டைப் பண்ணியிருக்கிறார்கள்.

"நான் போகல தங்கச்சி. அவங்கதான் என்னைய ரிஜெக்ட் பண்ணுனாங்க. அப்படியே எழுதுங்க, ரிஜெக்ஷன்னு" என்றாள்.

மர்லியா தலையை ஆட்டினாள். ரிஜெக்ஷன் என்பது வேலை கேட்டு வந்தவரை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது. பாக்டரியில் கழிக்கிற கொழுந்துக்கும் அதைச் சொல்லலாம். உள்ளே வேலையில் இருக்கிற ஆளை முதலாளி வெளியே அனுப்பினால் அதற்கு ஒரே பெயர்தான், டிஸ்மிசல். ரெஸிக்னேஷன் என்று எழுதினால் நீங்கள் விட்டீர்கள் என்றாகும், வெக்கேஷன் ஒப் போஸ்ட் என்றால் நீங்கள் ஓடிப்போனீர்கள் என்றாகும். விட்டவரையும் ஓடியவரையும் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அனுப்பினார்கள் என்று எழுதினால்தான் ஏன் அனுப்பினாய் என்று தொழில் நியாய சபை கேட்கும். இதை மர்லியா விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

"வாயால போன்னு சொன்னாலும் கேஸ் போடலாம்க்கா. ஆனா சொன்னாங்கன்னு நீங்கதான் நிரூபிக்கணும். சாட்சிக்கு யார் வருவாங்க?"

ஜீவராணிக்குக் குழாயடியில் குடத்தைப் பார்த்துக்கொண்டு போகிற தனலெட்சுமி ஞாபகத்துக்கு வந்தாள்.

"அப்போ அவங்க கையாலயே எழுத வைக்கணும்" என்றாள்.

மர்லியா டைப் பண்ணிக் கொடுத்த கடிதம் நான்கு வரிதான். நான் வேலையை விடவில்லை, ஒவ்வொரு நாளும் பெரட்டுக்கு வருகிறேன், எனக்கு வேலை தரவில்லை, இது டிஸ்மிசல் என்றால் காரணத்தோடு அப்படியே எழுதித் தாருங்கள். பதில் வர விலாசம் எது என்று மர்லியா கேட்டாள். லயத்துக்கு வருகிற கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கே பிரித்து அடுக்கி, அதன்பிறகுதான் கைக்கு வரும். சில சமயம் வராது. சண்டை போடுகிற ஆளின் கையாலேயே தன் தபாலை வாங்க ஜீவராணி தயாராக இல்லை. ஹாலிஎல டவுனில் அவள் சாமான் வாங்குகிற ஷப்ராஸ் கடை விலாசத்தைக் கொடுத்தாள். கடிதம் பதிவுத் தபாலில் போனது.

அதன்பிறகு தோட்டம் முழுக்க இதே பேச்சு. டிஸ்மிசல் என்று எழுத்தில் வந்தால் வேறு எந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள், ஆயுசுக்கும் கறை என்று ரெங்கசாமி நாலு பேர் கேட்கச் சொன்னார். கௌரவமாக ரெஸிக்னேஷன் கொடுத்துவிட்டால் துரையிடம் பேசிப் பிள்ளையின் பரீட்சை முடியும்வரை காம்பராவை விட்டுத்தரச் சொல்லலாம் என்றும் சொன்னார். அந்தக் காம்பராப் பேச்சு ஜீவராணியைக் கொஞ்சம் அசைத்தது. ஒரு பகல் முழுக்க அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளிடம், உன் பரீட்சைக்காக நான் ஓடிப்போனதாக எழுதிக் கொடுக்கட்டுமா என்று நேராகவே கேட்டாள். வேலாயி ஆயாவைக் குளிப்பாட்டினதற்கு ஓடிப்போனதாக எழுதிக் கொடுத்துவிட்டு வாங்குகிற பாஸ் தனக்கு வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னாள். அப்புறம் அடுப்பு மூட்டினார்கள்.

ஷப்ராஸ் கடைக்குப் பதில் எதுவும் வரவில்லை. இருபத்திரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். துரை நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் யாகோப்பு. ரெங்கசாமி பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றார். துரை அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்ததாகச் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் திங்கட்கிழமையே வேலை, இல்லையென்றால் ரெஸிக்னேஷன் கொடுத்துவிட்டுச் சேர வேண்டியதை வாங்கிக்கொண்டு போகலாம் என்றார். இரண்டையும் தாராள மனதோடு கொடுப்பதாகவே அவர் நினைத்தார். ரெங்கசாமி அவளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார்.

ஜீவராணி தனக்கு டிஸ்மிசல் கடிதம் வேண்டும் என்றாள்.

உன்னை யாரும் நிறுத்தவில்லையே, நீதானே மலையை விட்டுப் போனாய் என்று துரை சிரித்தார். ஆபீசில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

"நிப்பாட்டலைன்னா நாளைக்குப் பெரட்டில என் பேரக் கூப்பிடச் சொல்லுங்க. நிப்பாட்டியாச்சுன்னா டிஸ்மிசல்னு எழுதுங்க. ரெண்டும் இல்லாத ஒண்ணு கெடையாதுங்க தொர."

அவள் குரலை உயர்த்தவில்லை.  துரைக்குச் சிரிப்புப் போய் முகம் சிவந்தது. கூப்பிடச் சொன்னால் ஒரு கொழுந்துக்காரியிடம் தோற்றதாகத் தோட்டம் பேசும். எழுதினால் என்ன ஆகிவிடப் போகிறது? யாகோப்பு குனிந்து அவர் காதருகே இங்கிலீஷில் வேண்டாம் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அந்த வேண்டாம்தான் துரைக்கு ஆகவில்லை. இவள் கேட்டதையே கொடு, அந்த வார்த்தையையே போடு என்று மேசையைத் தட்டினார். காரணம் என்ன போடுவது என்று யாகோப்பு கேட்டார். துரை ஒரே மூச்சில் சொன்னார், யாகோப்பு டைப் பண்ணினார், துரை கையெழுத்துப் போட்டார்.

ஜீவராணி அதை வாங்கிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் பதுளைக்குப் போனாள். மர்லியா வாசித்தாள். தலைப்பிலேயே டிஸ்மிசல் என்று இருந்தது, துரையின் கையெழுத்தும் சீலும் இருந்தது. இனிப் பெரட்டுக்குப் போக வேண்டாம், ஆறு மாதத்துக்குள் கேஸ் போட வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் எழுதுவோம் என்றாள். காரணத்தைத் தமிழில் சொல்லச் சொல்லி ஜீவராணி கேட்டாள். மர்லியா சொன்னாள்: 'உறவில்லாத ஒரு நபரின் பிரேதத்தைக் கழுவுவதற்காக, அனுமதியின்றி வேலைத்தளத்தை விட்டுச் சென்றமை.' இந்தக் காரணத்தை எந்த முகத்தோடு சபையில் எழுந்து நின்று வாசிப்பார்கள் என்று மர்லியா சந்தோஷப்பட்டாள். ஜீவராணிக்குச் சந்தோஷம் வரவில்லை. தன் வேலை போனதை எழுதியிருந்த வார்த்தை அவளை ஒன்றும் செய்யவில்லை. வேலாயியை எழுதியிருந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

சாயந்தரம் வீட்டு வாசலில் தனலெட்சுமி வந்து நின்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு.

"கடுதாசி குடுத்துட்டாங்களாமே. என்னான்னு எழுதியிருக்கு?"

ஜீவராணி கோபத்தை எடுத்துக் காட்டவில்லை. தாளைப் பிரித்து, மர்லியா சொன்னபடியே வரி மாறாமல் சொன்னாள். உறவில்லாத நபர் என்ற இடத்தில் தனலெட்சுமி கையைக் காட்டி நிறுத்தி, அதை மறுபடி சொல்லச் சொன்னாள். ஜீவராணி மறுபடி சொன்னாள். தனலெட்சுமியின் மூன்று பிள்ளைகளும் வேலாயியின் மடியில் வளர்ந்தவர்கள். மூத்தவனுக்கு வலிப்பு வந்த அன்று அவனைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் டிஸ்பென்சரிக்கு ஓடியவள் வேலாயி. தனலெட்சுமி திரும்பி, தன் வீட்டைத் தாண்டி லயத்தின் அடுத்த கதவைத் தட்டப் போனாள்.

மறுநாள் சனிக்கிழமை ஜீவராணி பெரட்டுக்குப் போகவில்லை. குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மலைக்குப் போக வேண்டிய ஜனம் எல்லாம் ஆபீஸ் ரோட்டில் போவதைப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள்.

ஆபீஸ் விறாந்தையில் கொழுந்துக் கூடைகளோடு ஐம்பது அறுபது பெண்கள். முன்னால் தனலெட்சுமி. அவளுக்குப் பக்கத்தில் மற்ற மூன்று பேர். ரெங்கசாமி படிக்குக் கீழே இங்கேயும் அங்கேயும் நடந்துகொண்டிருந்தார். துரை வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். தனலெட்சுமிக்குத் துரை முன்னால் பேசிப் பழக்கமில்லை. யாகோப்பைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நாங்க குடுத்த மன்னிப்புக் கடுதாசியத் திருப்பிக் குடுங்கய்யா. நாங்களும் அன்னைக்குப் போனவங்கதான். வேலாயியக் குளிப்பாட்டுனதுக்கு டிஸ்மிசல்னா எங்களுக்கும் டிஸ்மிசல்னு எழுதித் தாங்க."

உங்களுக்குத்தான் வேலை கொடுத்தாயிற்றே, இவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று துரை பின்னால் நின்றவர்களைக் காட்டிக் கேட்டார். அன்றைக்குக் குளிப்பாட்ட வராதவர்களுக்கும் அந்தக் கடிதம் வேண்டுமாம் என்று யாகோப்பு அவர்களிடம் கேட்டுச் சொன்னார். ஏனாம்? அன்றைக்கு வராமல் இருந்ததற்காகவாம். பின்வரிசையில் ஒரு கிழவி அதற்குள் தன் பெயரையும் செக்ரோல் நம்பரையும் உரக்கச் சொல்லிவிட்டாள். அடுத்தவளும் சொன்னாள். அப்புறம் யார் யார் என்று தெரியாமல் பெயர்கள் வந்தன. மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, ஏற்ற வந்த லொறி பாக்டரி வாசலில் சும்மா நின்றது. துரை யாகோப்பைப் பார்த்தார். இத்தனை நாளும் துரைக்கு எதிராக எல்லோர் முன்னாலும் வாய் திறக்காத யாகோப்பு, எழுதுவதென்றால் எல்லோருக்கும் எழுத வேண்டும், இல்லையென்றால் அந்த ஒன்றை வாபஸ் வாங்க வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தமிழிலேயே சொன்னார்.

கால் மணி நேரம் கழித்து யாகோப்பு வெளியே வந்தார். ஜீவராணி வேலைக்குப் போகலாம், துரை சரி என்றுவிட்டார், அந்தக் கடிதத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு என்று கையை நீட்டினார். ரெங்கசாமிக்கு உயிர் வந்தது. கொடுத்துவிடு புள்ளை, கொடுத்துவிடு என்றார்.

"குடுக்க மாட்டேங்கய்யா" என்றாள் ஜீவராணி. "வாபஸ் வாங்குறோம்னு இன்னொரு கடுதாசி எழுதித் தாங்க. அதுல வேலாயி பேரு வரணும். உறவில்லாத ஆளுன்னு எழுதுனது தப்புன்னு வரணும்."

யாகோப்பு நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். வேலாயியின் முழுப் பெயர் என்ன என்று கேட்டார். அறுபது பெண்களும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்று அதட்டிவிட்டு அவர் பேனாவைத் திறந்தார். தாள் தமிழிலேயே டைப் ஆகி, துரையின் கையெழுத்தாகி வெளியே வந்தபோது மணி ஒன்பதரை. ஜீவராணி படியில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தாள். அவள் வாசித்து முடிக்கும்வரை துரை ஜன்னலுக்குள்ளே நின்றார், லொறி நின்றது, ஒருத்திகூட மலைக்கு நகரவில்லை.